சுவருக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் ரெனால்டைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்ல மனுஷன், வேலைதான் சேற்றில் என்று. அதில் நான் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். சேறு வேலையோடு நிற்பதில்லை. என் வாசலில், குளியலறையில், தலையணை உறையில்கூட இருக்கும்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வனக்காவலர் என்றார்கள். புலி, ஜீப், தொப்பி என்று ஏதோ நினைத்துக்கொண்டு கழுத்தை நீட்டிவிட்டேன். இவர் காவல் காக்கும் காடு மும்பையில் எங்கள் சீத்தா கேம்ப்புக்குப் பின்னாலேயே இருக்கிற அலையாத்திக் காடு. கடல் உள்ளே புகுந்து கழியாக நிற்கும் அந்த இடத்தை இங்கே எல்லோரும் காடி என்போம். புலி கிடையாது. நண்டு உண்டு, நரி உண்டு, குளிர்காலத்தில் பூநாரைகள் உண்டு, கொசு வருஷம் முழுக்க உண்டு. காக்கிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நடப்பதுதான் உத்தியோகம். யார் மரத்தை வெட்டுகிறார்கள், யார் இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டி நிலமாக்கப் பார்க்கிறார்கள் என்று கவனித்து மேலே சொல்ல வேண்டும்.

ஆள் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் கொஞ்ச காலம் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தார். டப்பாவின் அடியில் மிஞ்சும் பெயின்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அட்டையில் படம் போடுவது அப்போது ஆரம்பித்த பழக்கம். காட்டு வேலை கிடைத்த பிறகும் விடவில்லை. படகில் உட்கார்ந்து காடியை வரைவார். மரம், தண்ணீர், வானம், இவ்வளவுதான். ஒரு பூ, ஒரு பெண், ஒரு சூரிய அஸ்தமனம் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறேன்.

"அங்க இல்லாததை எப்படிப் போட?" என்பார்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை மரம் வெட்டிய வழக்கில் இவருடைய படத்தையும் ஆபீசில் காட்டினார்கள். எதிர்த்தரப்பு ஆள் அதில் ஒரே ஒரு மரத்தைக் காட்டி, இது அங்கே என்றைக்கும் இருந்ததில்லை என்று நிரூபித்துவிட்டான். அழகுக்காக இவர் சேர்த்த மரம். அந்த ஒரு மரத்தால் மொத்தப் படமும் பொய்யாகிவிட்டது. அன்றிலிருந்து அங்கே இருப்பது மட்டும்தான் படத்தில் இருக்கும். மரத்தை அழித்தால் கடல் ஊருக்குள் வரும் என்று சொல்லப் பள்ளிக்கூடங்களுக்குப் படங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் பிள்ளைகளிடம் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்வார்.

நான் மாட்டுங்காவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, இப்போது தெரிகிறதா என்று கேட்பது என் பிழைப்பு. ஜனங்கள் கண்ணால் பார்ப்பது பாதி, மனசால் பார்ப்பது பாதி என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பேய் பிசாசுக் கதைகளை என்னிடம் கொண்டுவந்தால் முதலில் பவர் என்ன என்றுதான் கேட்பேன். இப்போது சொல்லப்போவதையும் அப்படிப்பட்டவள்தான் சொல்கிறேன்.

எங்கள் சந்தின், இங்கே கல்லி என்போம், அதன் கடைசியில் ஒரு பெரிய சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் காடி. சுவர் ஆளைவிட இரண்டு மடங்கு உயரம் என்பதால் பத்தடி தள்ளிக் கடல் இருப்பது பாதிப் பேருக்கு மறந்தேபோயிருந்தது. சுவரில் ஓர் இடம் உடைந்து கிடந்தது. விடியற்காலையில் டம்பர் லாரிகள் பின்னோக்கி வந்து அந்த உடைசல் வழியாக இடிபாட்டைச் சாய்த்துவிட்டுப் போகும். இவர் ஓடுவதற்குள் லாரி போய்விடும்.

மும்பையில் சுவரைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. சாமி படம் போட்ட டைல்ஸ் வாங்கி முழங்கால் உயரத்தில் வரிசையாகப் பதித்துவிடுவார்கள். பிள்ளையார், மாதா, மக்கா எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து யாரும் துப்பாமல் பார்த்துக்கொள்வார்கள். இங்கேயும் அதையே செய்யலாம் என்று இவருடைய மேலதிகாரி சாஹேப் சொன்னார். இவர் கேட்கவில்லை.

"சாமிக்குப் பயந்தவன் அடுத்த சுவத்துல போய்க் கொட்டுவான். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கண்ணால பாத்தாத்தான் கை கூசும்" என்றார்.

பிறகு ஏணியைச் சாய்த்து ஏறினார். அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார், இறங்குவார், பார்த்ததை இந்தப் பக்கம் அதே இடத்தில் வரைவார். மறுபடி ஏறுவார். அந்தக் கோடை முழுக்க என் புருஷன் ஏணியில்தான் குடியிருந்தார். கடைசியில் சுவரே கண்ணாடியாகிவிட்டது. கல்லியில் நின்றால் சுவருக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு மரமும் அது நிற்கிற இடத்திலேயே நின்றது. வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டு, நடுவே பழுப்புத் தண்ணீர், ஒரு ஜீவன் இல்லை. நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் யாரும் அதன்முன் நாற்காலி போட்டு உட்காரவில்லை, பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

மழை வந்தது. நனைந்த சுவரில் அங்கங்கே ஈரம் கருத்தது. ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது லூர்தம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

லூர்தம்மாள் கல்லியின் கடைசி வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை. புருஷன் என்றோ இறந்துவிட்டார், ஒரே மகன் ஏஞ்சலோ. செம்பூரில் ஒரு வொர்க்‌ஷாப்பில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் வலை எடுத்துக்கொண்டு காடிக்கு நண்டு பிடிக்கப் போவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போனவன் திரும்பவில்லை. கோலி மீனவர்கள் படகுகளில் தேடினார்கள், வலை மட்டும் கிடைத்தது. சாமியார் அவனுக்காகத் திருப்பலி வைக்கலாமா என்று கேட்டபோது, உடம்பு வரட்டும் சாமி, பிறகு பார்க்கலாம் என்றுவிட்டாள். எங்கள் வழக்கத்தில் கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோய் வைக்க ஒரு குழியாவது இருக்கும். அவளுக்கு அதுவும் இல்லை.

"ஜெஸி, இங்கன வந்து பாரு. எம் மவன் நிக்கான்."

இரண்டு மரங்களுக்கு நடுவில், தண்ணீரில் இடுப்பளவு, ஈரம் ஓர் ஆள் உயரத்துக்குக் கருத்திருந்தது. தோள் இருந்தது. கழுத்து இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஏஞ்சலோவுக்கு ஒரு காது மந்தம், பேசுகிறவர்கள் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்பான்.

ஈரக் கறை அக்கா என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். மான்கூர்டு ஸ்டேஷனில் இறங்காமல் பஸ்ஸிலேயே அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டேன்.

சும்மா இருப்பேனா, அடுத்த வாரமே லூர்தம்மாளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்தேன். புரை ஏதாவது இருக்கும் என்று நம்பினேன், நிஜத்தில் வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவள் கண் என் கண்ணைவிடத் தெளிவாக இருந்தது.

இதற்குள் சேதி பரவிவிட்டது. விடியற்காலையில் பின்னோக்கி வந்த ஒரு டம்பர் டிரைவர் விளக்கு வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துவிட்டு, அங்கே ஆள் நிற்கிறான் என்று இந்தியில் அலறிக்கொண்டு வண்டியை விட்டே இறங்கி ஓடினான். அதற்குப் பிறகு ஒரு லாரிகூட வரவில்லை. இத்தனை வருஷம் இவர் விசில் ஊதியும் நோட்டீஸ் ஒட்டியும் நடக்காதது ஒரே ஈரக் கறையில் நடந்துவிட்டது. சாஹேபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வந்து படம் பிடித்துக்கொண்டு போனார். சிராஜ் பாய் கடையில் மெழுகுதிரி கேட்டு வேறு கல்லிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இந்த ஊரில் கல்லறையிலும் நிரந்தர இடம் கிடையாது, கொஞ்ச வருஷத்தில் தோண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படித் தங்கள் ஆட்களின் குழி பறிபோனவர்கள் எல்லோரும் சுவரடியில் திரி ஏற்றினார்கள். லூர்தம்மாள் மட்டும் ஏற்றவில்லை. மற்றவர்கள் ஏற்றியதைக் காலால் தள்ளி அணைத்தாள்.

"உசுரோட நிக்கவனுக்கு எவ திரி ஏத்துனா?" என்று கேட்டாள்.

ரெனால்டுக்குத் தூக்கம் போயிற்று. கறையைச் சுரண்டினார், பூச்சை உடைத்துப் புதுச் சிமென்ட் வைத்தார், மேலே தண்ணீரையும் மரத்தையும் திரும்ப வரைந்தார். நன்றாகக் காய்ந்தது. அடுத்த பெரிய கடல் ஏற்றத்தின்போது அதே இடத்தில் அதே தோள் வந்தது. இந்தத் தடவை தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. உப்பு, வேறொன்றும் இல்லை என்று எனக்குச் சொன்னார். நான் கேட்காமலே இரண்டு மூன்று தரம் சொன்னார்.

ஒரு மத்தியானம் லூர்தம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ பிள்ளையள்கிட்ட சொல்லும்போது நானும் அங்கன பெருக்கிட்டு நின்னேன். இருக்கதைத்தான் வரைவேன், ஒரு எலகூடக் கூட வைக்க மாட்டேன்னு சொன்னேல்லா?"

"சொன்னேன்க்கா."

"அப்பம் எம் மவன் அங்க இருக்கான்."

"யக்கா, அவனை நான் வரையலை. அது நான் போட்டது இல்ல."

"நீ வரையல, சரி" என்றாள் லூர்தம்மாள். "அப்பம் யாரு வரைஞ்சா?"

இவர் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். அவள் எழுந்து, சாப்பிடு தம்பி ஆறிடும், என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஏணியில் ஏறி அந்தப் பக்கம் பார்ப்பதை இவர் வழக்கமாக்கிக்கொண்டார். நான் கீழே நின்று ஏணியைப் பிடிப்பேன். என்ன என்று கேட்பேன், ஒன்றுமில்லை என்பார். ஒருநாள் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. இறங்கி வந்தவரின் உதடு வெளுத்திருந்தது.

"சேத்துல காலடி இருக்கு, ஜெஸி. அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல."

நான் ஏறிப் பார்த்தேன். நீர் வடிந்த சேறு பளபளவென்று கிடந்தது. உள்ளே எங்கேயோ சேறு சொட்டுச் சொட்டென்று வெடிக்கும் சத்தம் மட்டும். காலடிகள் தெளிவாக இருந்தன, மரங்களுக்கு நடுவே போய் நின்று, அங்கேயே சுற்றிச் சுற்றி மிதித்திருந்தன. நன்றாகப் பார்த்த பிறகுதான் எனக்கு வேறு பயம் வந்தது. அவ்வளவு சின்னப் பாதம் ஆண்பிள்ளைக்கு இருக்காது. வந்த வழி உடைசலிலிருந்து, திரும்பிய வழியும் உடைசலுக்கே.

லூர்தம்மாள் தண்ணீர் வடியும் நேரம் பார்த்து உள்ளே போய் மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சேறு சும்மா இல்லை. பழகிய இவரே கம்பு இல்லாமல் காலை வைக்க மாட்டார். ஏற்றம் திரும்பினால் பின்னாலிருந்து வரும், சத்தமே இருக்காது. சொல்லிப் பார்த்தோம், கெஞ்சினோம், உடைசலைப் பலகை வைத்து அடைத்தோம். பலகையை அவள் பிடுங்கிப் போட்டாள். ஒரு சனிக்கிழமை இவர் சுற்றுக்குப் போனவர் அவளைக் கண்டபோது சேற்றில் தொடைவரை புதைந்து, மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாளாம். பயமே இல்லாமல், யாருக்கோ காது கொடுப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு. கயிறு போட்டு இழுத்துத்தான் எடுக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து எனக்கு இதைச் சொல்லும்போது இவர் அழுதார். அடுத்த தடவை நேரத்துக்கு நான் போய்ச் சேராவிட்டால் என்று சொல்லி அழுதார்.

"அந்தச் சுவரை மொத்தமா வெள்ளையடிச்சிருங்க" என்றேன்.

"வெள்ளையடிச்சா லாரி வரும். அவளும் உள்ள போறதை நிறுத்த மாட்டா."

கடைசியில் இவருக்குத் தோன்றிய வழி, அவளையே கூட்டிப்போய்க் காட்டிவிடுவது. ஒரு கோலியின் சின்னப் படகை வாங்கி, தண்ணீர் ஏறியிருந்த ஒரு பிற்பகலில் மூவரும் போனோம். இவ்வளவு வருஷத்தில் நான் சுவருக்கு அந்தப் பக்கம் போனது அன்றைக்குத்தான். மரங்களுக்குள் நுழைந்ததும் ஊரின் சத்தம் மொத்தமும் நின்றுபோனது. பட்டப்பகலில் எங்கேயோ ஒரு நரி ஊளையிட்டது. படத்தில் இருந்த ஒவ்வொரு மரமும் வந்தது, படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே படகை நிறுத்தினார். தண்ணீர்தான், வேறு ஒன்றுமில்லை.

லூர்தம்மாள் வெகுநேரம் பார்த்தாள். கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டாள். இப்போது உடைந்து அழுவாள், அதோடு முடிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அவள் அழவில்லை. மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சுவரின் முதுகு. பூச்சு இல்லாத வெறும் சிமென்ட் கல், பாசி, அலை ஏறிய கோடுகள்.

"இங்கேருந்து பாத்தா நம்ம வீடு தெரியலயே" என்றாள். "பாவி மவன் எப்படி வழி கண்டுபிடிப்பான்?"

இவர் துடுப்பைப் பிடித்தபடி குனிந்துகொண்டார்.

"தம்பி, அங்க நிக்கவியளுக்கு இங்க இருக்கதைக் காட்டுன. இங்க நிக்கவனுக்கு நம்ம கல்லியைக் காட்டு. நான் இனிமே இதுக்குள்ள வர மாட்டேன். மாதா மேல சத்தியம்."

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து சண்டையே போட்டேன். அவன் செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய மனுஷன் நீங்கள், நீங்களே வழி போட்டுக் கொடுத்தால் அவள் சாகும்வரை காத்திருப்பாள் என்றேன். "சாகும்வரைன்னு நீயே சொல்லுத. சேத்துல போனா அது அடுத்த மாசம்" என்றார்.

தண்ணீர் பாதி வடிந்த நேரங்களில் போய், படகில் நின்று, சுவரின் முதுகில் பூச்சு வைத்து வரைந்தார். எங்கள் கல்லி முழுக்க வந்தது. தண்ணீர் டிரம்கள், சிராஜ் பாயின் கடை, கொடியில் தொங்கும் துணி, கடைசியில் லூர்தம்மாளின் வீடு, திறந்த கதவு, வாசலில் அவள். நரியையும் நண்டையும் தவிர யாரும் பார்க்கப்போகாத படம். அதற்காக அவளை வீட்டு வாசலில் உட்காரவைத்துத் தாளில் வரைந்துகொண்டபோது அவள் ஒரு விஷயம் கேட்டாள். மகன் போகும்போது தன் தலை நரைத்திருக்கவில்லை, இப்போது இருக்கிறபடி போட்டால் அவனுக்கு அடையாளம் தெரியாது என்றாள். இவர் பிரஷ்ஷைக் கழுவித் துடைத்தார். பிறகு கறுப்பு முடியாகவே போட்டார். அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

லூர்தம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு சேற்றில் கால் வைக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பாள், கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். சுவரில் இந்தப் பக்கம் இருந்த கறை அந்தக் கோடையில் காய்ந்தது. இவர் மெலிந்திருந்தவர் கொஞ்சம் தேறினார்.

அடுத்த ஜூலையில், பெரிய ஏற்றம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, மத்தியானம், எங்கள் கல்லிக்குள் கடல் வந்தது. மழை இல்லை. சாக்கடை மூடிகள் தூக்கிக்கொண்டன, உடைசல் வழியாகப் பழுப்புத் தண்ணீர் அமைதியாக உள்ளே நடந்து வந்தது. அதுவரை எங்கள் கல்லிக்கு அப்படி வந்ததில்லை. எனக்குக்கூடக் காரணம் தெரியும், இவருக்குத் தெரியாமல் இருக்குமா. எங்கள் சுவருக்குப் பயந்த லாரிகள் கொட்டுவதை நிறுத்தவில்லை. படம் இல்லாத அடுத்த சுவருக்குப் பின்னால் போய், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கொட்டி, மரங்களோடு அந்தப் பக்கத்தை மேடாக்கிவிட்டன. இவர் எழுதி எழுதி அனுப்பியும் யாரும் வரவில்லை. அங்கே பரவ வேண்டிய தண்ணீர் இங்கே வந்தது.

பள்ளமான வீடு லூர்தம்மாளுடையது. முதலில் அவள் வாசலுக்குத்தான் போனது. நாங்கள் ஓடியபோது அவள் கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். பாத்திரங்கள் மிதந்துகொண்டிருந்தன. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த மூன்று நான்கு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

"பாத்தியா தம்பி. உன் படத்தைப் பாத்துட்டான்."

மரத்தை அழித்தால் கடல் வீட்டுக்குள் வரும் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் படம் தூக்கிப்போய்ச் சொன்ன மனுஷன் முழங்காலளவு தண்ணீரில் நின்றார். வந்தது அவன் இல்லை, கடல்தான் என்று இப்போது சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவை, உள்ளே வரும் தண்ணீர் தள்ளித் தள்ளிச் சாத்தப் பார்த்தது.

"சாத்த விடாத தம்பி" என்றாள் லூர்தம்மாள்.

ரெனால்ட் கதவில் முதுகைக் கொடுத்து, தண்ணீர் வடியும்வரை அதைத் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றார்.